கணிப்பில் காணாமற்போன கொட்டாஞ்சேனை

"மிஸ், இண்டைக்கு ஆறு மணி நியூசில என்ட பேரைச் சொல்லி, கள்ளி எண்டு சொல்லப் போறாங்க. அதுக்கு முதல் நீங்க ஏதாவது செய்யணும்."

கொழும்பின் வடக்கே, கொட்டாஞ்சேனையில் மெற்றில்டாவின் வீட்டுக்கு உதவி கேட்டு வருகிறவர்கள், வெயிலைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். ஷெரோமி அப்படி வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மெற்றில்டா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

மெற்றில்டா முப்பது வருடம் அளுத்கடை நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும், நீதிபதி சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லி, மனிதர்கள் எந்தச் சொல்லில் தடுக்கி விழுவார்கள் என்பது அவருக்கு அத்துபடி. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வருவது அதற்காகத்தான். இந்த வேலைகளில் அவருக்குக் கூடவே நிற்கிற பிரதீஸ், காப்புறுதிக் கம்பனியில் விபத்து விசாரிக்கும் வேலை பார்த்தவர். வருகிற எல்லோரையும் சந்தேகப்பட்டு வேலையை விட்டவர். இப்போது சம்பளமில்லாமல் சந்தேகப்படுகிறார். நாற்பது வயதாகியும் ஆள் ஒரு விசாரணை என்றால் கலியாண வீட்டுக்குப் புறப்படுகிறவர் போலத்தான் கிளம்புவார்.

"இருந்து கதைங்க," என்றார் மெற்றில்டா.

ஷெரோமி சொன்ன கதை இது. வெள்ளவத்தையில் "அலைவரி" என்றொரு இணையச் செய்தி நிறுவனம் இருக்கிறது. எழுச்சி முன்னணிக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்ய இம்முறை அங்கத்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பகுதி என்று முறை வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு கொழும்பு முடிந்தது. நாளை வட மாகாணம். கடைசியாக மலையகம். போட்டி இரண்டு பேருக்குள்: குமாரகே அம்மையார், டாக்டர் ஹேவகே. யார் வெல்வார் என்று சொல்ல ஊடகங்கள் எல்லாம் தயங்கி, இழுபறி இழுபறி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அலைவரி மட்டும் கொழும்பின் தமிழ் பேசும் அங்கத்தவர்களிடையே குமாரகே அம்மையார் அமோகமாக வெல்வார் என்று அடித்துச் சொன்னது. வென்றவரோ டாக்டர் ஹேவகே. அதுவும் கொழும்பு வடக்குக் கிளைகளின் புண்ணியத்தில், மயிரிழையில். ஒரு கிழமையாக ஊரே அலைவரியைப் பார்த்துச் சிரிக்கிறது.

"அந்தக் கணிப்புக்கு ஆக்களுக்குப் போன் எடுத்தது நாங்க. நானும் ஆறு பிள்ளைகளும்," என்றாள் ஷெரோமி. "இப்ப என்ன சொல்றாங்க எண்டா, கொழும்பில பாதிப் பேருக்கு நாங்க போனே எடுக்கல்லயாம். வீட்டில இருந்து பதிலை நாங்களே நிரப்பினோமாம். கணக்குப் பார்க்கிற வினோதன் சேர் ஸ்கிரீன்ல காட்டினார். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், ஒருகொடவத்தை, எல்லாத்திலயும் அங்க ஒண்டு இங்க ஒண்டுதான் ஆள் இருக்கு. மிஸ், தொண்டை கட்டுற மட்டும் கதைச்சோம். கொட்டாஞ்சேனைப் பக்கம் கதைச்ச ஆக்களில முக்கால்வாசி டாக்டருக்குத்தான் எண்டு எனக்கு நல்லா ஞாபகம்."

"பிறகு அந்த ஆக்கள் எங்க போனாங்க?"

"அதுதான் தெரியாது. இண்டைக்கு ஆறு மணிக்கு எடிட்டர் மன்னிப்புக் கேட்கப் போறார். பிழை விட்டது நாங்க இல்ல, ஷெரோமியும் அவட பிள்ளைகளும்தான் எண்டு சொல்லுவார். அதுக்குப் பிறகு கொழும்பில எனக்கு யார் மிஸ் வேலை தருவாங்க? அந்தப் பிள்ளைகளுக்கு?" அழுகை வந்தது. ஆனால் அழவில்லை. "நான் கள்ளி இல்ல. அதை மட்டும் எனக்கு நிரூபிச்சுத் தாங்க."

மெற்றில்டா அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "கொழும்பு வாக்கெடுப்புக்கு முதல் வேற பகுதி ஆக்களுக்கும் போன் எடுத்தீங்களா?"

"இல்ல. கட்சி பகுதி பகுதியாத்தான் நம்பர் தந்தது. கொழும்பு முடிய வடக்கு. மலையக நம்பர் இன்னும் கைக்கே வரல்ல."

"ஆள் ஹலோ சொன்னவுடன நீங்க என்ன சொல்லுவீங்க? கருத்து வேண்டாம். சொல்ற மாதிரியே சொல்லுங்க."

ஷெரோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலே மாறியது. "வணக்கம், அலைவரியிலிருந்து கதைக்கிறோம். நீங்கள் எழுச்சி முன்னணி அங்கத்தவரா? நீங்கள் வசிப்பது நகரமா, கிராமமா, தோட்டமா? நகரம் எண்டு சொன்னா எந்த இடம் எண்டு கேட்கணும். மற்றதுக்கு கொம்பியூட்டர் நேரா வயசுக்குப் போயிடும். பிறகு, உங்கள் வாக்கு யாருக்கு?"

"அவங்க சொல்றதை நீங்க திருத்துவீங்களா?"

"ஐயோ, இல்ல. சொன்ன சொல்லைத்தான் அடிக்கணும். வினோதன் சேர்ட ஓடர் அது. கேள்வி எல்லாம் எழுதினதும் அவர்தான்."

"சரி, வாங்க போவோம்," என்று மெற்றில்டா எழுந்தார். பிரதீஸ் அதற்குள் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தையை அடையும்வரை பிரதீஸ் மூன்று பேரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். மூவரையும் அவர் இன்னும் பார்த்ததில்லை. அலைவரி அலுவலகம் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு புடைவைக் கடையின் மேல் மாடியில் இருந்தது. ரயில் போகும்போது அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள்.

ஆசிரியர் இரத்தினசிங்கம் நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் நல்லவர்களைத்தான் முதலில் கடிப்பார். ஷெரோமியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, உங்களில எனக்கு மரியாதை இருக்கு," என்றார் மெற்றில்டாவிடம். "ஆனா நான் இருபது வருசமாக் கட்டின பேர் ஒரு கிழமையில நாறிப்போச்சு. சனத்துக்கு நான் பதில் சொல்லவேணும். இந்தப் பிள்ளை ஒழுங்கா வேலை செய்திருந்தா இந்த வெக்கக்கேடு வந்திருக்குமே?"

"கொழும்புக் கணக்கு மட்டும்தான் பிழையா?"

"கொழும்பு மட்டும்தான். மலையகத்தில எங்களிட்ட இருக்கிற அளவுக்கு ஆக்கள் வேற ஒருத்தரிட்டயும் இல்லை. டாக்டருக்கு அங்க நல்ல ஆதரவு. வினோதன் கணிப்பு வரைபடம் எல்லாம் கீறி வச்சவர். அதைப் போடுவம் எண்டு நான் நிண்டனான். திங்கக்கிழமை அவரே வந்து, இப்ப வேண்டாம், இன்னொருக்காப் பார்க்கவேணும் எண்டு எடுத்துப்போட்டார். அவ்வளவு கவனமான பெடியன்."

அடுத்தது செய்தி வாசிக்கும் கிளின்ரன். கொட்டாஞ்சேனைக்காரன். வாய் நிறையச் சிரிப்பு. அவன் மனைவியின் அண்ணன் குமாரகே அம்மையாருக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவன் என்று தெரிந்ததும் பிரதீஸின் கண்கள் பளபளத்தன.

"அப்ப உங்கட மச்சானுக்காக நீங்க கணக்கை மாத்தியிருக்கலாமே?"

"அண்ணே, எனக்குக் கூட்டல் கழித்தலே சரியா வராது," என்றான் கிளின்ரன். "தாறதை வாசிப்பேன். உண்மையச் சொன்னா, அதை வாசிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்திச்சு. எங்கட வீட்டுப் பக்கம் மச்சானைத் தவிர எல்லாரும் டாக்டர்தான்."

"பிறகு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார் மெற்றில்டா.

கிளின்ரனின் சிரிப்பு போய்விட்டது. "படிச்ச ஆக்கள் கணக்குப் போட்டுத் தந்தா, அது பிழை எண்டு நான் எப்படிச் சொல்றது மிஸ்?"

வினோதன் கண்ணாடி அறைக்குள் இருந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெள்ளவத்தையில் வளர்ந்து, புள்ளிவிபரவியலில் பட்டம் வாங்கியவன். சட்டை மடிப்புக் கலையாமல், நாற்காலி போட்டு மரியாதையாகப் பேசினான்.

"நான் ஆக்களைக் குறை சொல்ல விரும்பேல்லை அன்ரி. ஆனா தரவு பொய் சொல்லாது. கட்சி தந்த பட்டியல் பழசு, ஆக்கள் இடம் மாறியிருப்பினம். அதால ஆள் தானே சொல்லுற இடத்தைத்தான் நான் எடுக்கிறனான். அப்படிப் பார்த்தா கொழும்பு வடக்கில ஆக்களே இல்லை. கொட்டாஞ்சேனையில ஆக்களைப் பிடிக்கிறது கஷ்டம்தான், எனக்கு விளங்குது. தோட்டத்துச் சனம், பகலில வேலைக்குப் போயிடுங்கள், போன் எடுக்காதுகள். அதுக்காக வீட்டில இருந்து நிரப்புறதே?"

"யார் போன் எடுக்காத ஆக்கள் எண்டு சொன்னீங்க?"

"தோட்டத்துச் சனம்."

மெற்றில்டா தலையாட்டினார். வேறொன்றும் கேட்காமல் வெளியே வந்தார்.

மாடிப்படியில் பிரதீஸுக்குப் பொறுக்க முடியவில்லை. "அன்ரி, கிளின்ரன்தான். மச்சான் உறவு, பாருங்க! சிரிச்சுச் சிரிச்சு மழுப்புறான்."

"அவன் தன்ட வீட்டுப் பக்கமே டாக்டர்ட ஆக்கள் எண்டு தானா வந்து சொல்றான். கணக்கை மாத்தினவன் அதைச் சொல்லுவானா?"

"அப்ப எடிட்டர்?"

"அவருக்குத்தானே பெரிய நட்டம்," என்றார் மெற்றில்டா. "பிரதீஸ், நீங்க யார் செய்தது எண்டு தேடுறீங்க. நான் அந்த ஆக்கள் இப்ப எங்க இருக்காங்க எண்டு தேடுறன். ஷெரோமி போன் எடுத்தது உண்மை எண்டா அவங்க எங்கயோ இருக்கணுமே. எல்லாரையும் எடிட்டர்ட அறைக்கு வரச் சொல்லுங்க. ஆறு மணிக்கு முதல் முடிக்கணும்."

எல்லோரும் கூடினார்கள். இரத்தினசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசிப்பதற்கான மன்னிப்பு அறிக்கை அவர் முன்னால் கிடந்தது. ஷெரோமியின் பெயர் முதல் வரியிலேயே இருந்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"எல்லாரிட்டயும் ஒரே கேள்விதான்," என்றார் மெற்றில்டா. "தோட்டம் எண்டு ஒருத்தர் சொன்னா உங்களுக்கு முதல்ல மனசில வாறது என்ன? எடிட்டர் ஐயா?"

"இதென்ன கேள்வி? தேயிலைத் தோட்டம். மலையகம். ஹற்றன், தலவாக்கலை."

"வினோதன்?"

அவன் ஒரு கணம் தயங்கினான். "தேயிலைத் தோட்டம்தான். வேற என்ன இருக்கு?"

"கிளின்ரன்?"

"எங்கட வீடு," என்று கிளின்ரன் சிரித்தான். "கோயிலுக்குப் பின்னால இருக்கிற தோட்டத்தில பிறந்தவன் நான்."

"ஷெரோமி?"

"நானும் தோட்டம்தான் மிஸ். ஒழுங்கைக்குள்ள போனா கடைசி வரிசை."

இரத்தினசிங்கம் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அது அடங்கும்வரை மெற்றில்டா காத்திருந்தார்.

"ஐயா, கொழும்பு வடக்கில, ஒரு ஒழுங்கைக்குள்ள வரிசையா ஒட்டின மாதிரி சின்னச் சின்ன வீடுகள் இருக்கும். சிங்களத்தில அதை வத்த எண்டு சொல்லுவாங்க. நாங்க அதைத் தமிழாக்கித் தோட்டம் எண்டு சொல்றோம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், ஒருகொடவத்தை, மாளிகாவத்தை, எல்லா இடத்திலயும் தோட்டம் இருக்கு. அங்க ஒரு மரம்கூட இருக்காது. ஒருக்கா நீதிமன்றத்தில ஒரு பெரிய லோயர், தோட்டத்தில இருக்கிறேன் எண்டு சொன்ன துறைமுக வேலைக்காரரிட்ட, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறிப்பீங்க எண்டு கேட்டவர். அந்த மனுசன் அரண்டு போயிட்டார்."

கிளின்ரன் வாய்விட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப கேள்வியைப் பாருங்க. நகரமா, கிராமமா, தோட்டமா? அரசாங்கக் கணக்கெடுப்பில வாற பிரிவு அது. அங்க தோட்டம் எண்டா தேயிலை, றப்பர். வினோதன் படிச்ச புத்தகத்திலயும் அப்படித்தான். ஆனா கொட்டாஞ்சேனையில ஒரு ஆளைக் கேட்டா, அவர் தோட்டம் எண்டுதான் சொல்லுவார், ஏனெண்டா அவர் இருக்கிறது தோட்டத்தில. இந்தப் பிள்ளைகள் சொன்ன சொல்லை அப்படியே அடிச்சாங்க. பிள்ளைகளுக்கும் அதில பிழை ஒண்டும் தெரியல்ல, அவங்கட வீடும் அதேதானே. கொம்பியூட்டர் எந்த இடம் எண்டு கேட்காம வயசுக்குப் போயிட்டுது. கொழும்பிலயே கறுவாத்தோட்டம் எண்டு ஒரு பணக்கார இடம் இருக்கு, அந்த ஆக்கள் பதில் சொல்லியிருந்தா அவங்களையும் கொழுந்து பறிக்க அனுப்பியிருக்கும். நல்ல காலம், அவங்க போன் எடுக்கிறதில்ல."

"அப்ப எங்கட கொழும்பு ஆக்கள்..." இரத்தினசிங்கம் முடிக்கவில்லை.

"மலையகக் கணக்கில இருக்காங்க. உங்களிட்ட மலையக ஆக்கள் நிறைய இருக்கு எண்டு நீங்க பெருமைப்பட்டீங்க. ஷெரோமிக்கு மலையக நம்பர் இன்னும் கைக்கே வரல்ல. போனே எடுக்காத இடத்தில அவ்வளவு ஆக்கள் எங்கால வந்தாங்க? டாக்டருக்கு வாக்குப் போட்ட கொட்டாஞ்சேனை முழுக்க ஹற்றனில நிக்குது ஐயா. கொழும்பில மிஞ்சினது நகரம் எண்டு சொன்ன ஆக்கள் மட்டும்தான். அவங்களுக்குள்ள அம்மையாருக்குத்தான் ஆதரவு கூடுதல்."

பிரதீஸ் எழுந்தே விட்டார். "அப்ப யாரும் களவு செய்யல்ல! வெறும் பிழை!"

"பிழைதான்," என்றார் மெற்றில்டா. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது வெறும் பிழை. அதுக்குப் பிறகு இல்ல."

அவர் வினோதன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. சாட்சியிடம் கேட்கிற அதே குரல்.

"தம்பி, தோட்டம் எண்டா தேயிலைதான், வேற என்ன இருக்கு எண்டு இப்ப சொன்னீங்க. ஆனா என்னோட கதைக்கேக்க, கொட்டாஞ்சேனை ஆக்களைத்தான் தோட்டத்துச் சனம் எண்டு சொன்னீங்க. நான் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னீங்க. கேள்வி எழுதின நாளில உங்களுக்கு அந்த அர்த்தம் தெரிஞ்சிருந்தா, கேள்வியை அப்படி எழுதியிருக்க மாட்டீங்க. அப்ப இடையில எப்பவோ தெரிய வந்திருக்கு. திங்கக்கிழமை மலையக வரைபடத்தைப் போடவிடாம எடுத்தது யார்? கொழும்புத் தரவுதான் பிழை, மலையகம் சரி எண்டு நீங்க உண்மையா நம்பியிருந்தா அதை ஏன் எடுத்தீங்க? வாக்கு முடிவு வந்த பிறகு நீங்க திரும்பிப் பார்த்திருக்கிறீங்க. அந்த ஆக்கள் எங்க போய்க் கிடக்கிறாங்க எண்டு கண்டுபிடிச்சிருக்கிறீங்க. அதைச் சொல்லாம, இந்தப் பிள்ளை போனே எடுக்கல்ல எண்டு சொல்லிட்டீங்க."

வினோதன் மறுப்பான் என்று பிரதீஸ் எதிர்பார்த்தார். அவன் மறுக்கவில்லை.

"கிளின்ரனிட்டத்தான் கேட்டனான்," என்றான் கடைசியில். "திங்கக்கிழமை காலமை. உங்கட பக்கம் தோட்டம் எண்டு என்னத்தைச் சொல்லுறனீங்கள் எண்டு."

"ஓம், கேட்டார்!" என்றான் கிளின்ரன். "சும்மா கேட்கிறார் எண்டு நினைச்சேன்."

"எல்லாரும் என்னை நம்பித்தான் கணிப்பைப் போட்டவை. பிழை என்ர எண்டு தெரிஞ்சா, ஒரு சொல்லு விளங்காதவன் எண்டு சிரிப்பினம். என்ர பேர்..." என்றான் வினோதன்.

"உங்கட பேர்," என்றாள் ஷெரோமி. அறைக்குள் வந்ததிலிருந்து அவள் தானாகப் பேசியது இப்போதுதான். "எனக்குப் பேர் இல்லையா சேர்?"

வினோதன் அவளை நிமிர்ந்து பார்க்க முயன்று தோற்றுப்போனான். இரத்தினசிங்கத்தின் கட்டளைப்படி கணினியைத் திறந்தான். தோட்டம் என்று பதிந்த ஆட்களைக் கட்சி தந்த பட்டியலின்படி கொழும்புக்குத் திருப்பினான். திரையில் டாக்டர் ஹேவகேயின் கோடு மெல்ல உயர்ந்து, அம்மையாருடையதை ஒரு விரற்கடை தாண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அதுவேதான். பிள்ளைகள் கேட்டு எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

இரத்தினசிங்கம் முன்னால் கிடந்த அறிக்கையை இரண்டாகக் கிழித்தார்.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றார். "நான் விசாரிச்சிருக்கவேணும். இப்ப என்ன செய்வம் எண்டா, தொழில்நுட்பக் கோளாறு எண்டு சொல்லி முடிப்பம். ஒருத்தரின்ர பேரும் வேண்டாம். உமக்கும் கரைச்சல் இல்லை, வினோதனுக்கும் ஒரு வழி."

நல்ல யோசனைதான் என்று பிரதீஸுக்குக்கூடத் தோன்றியது. ஷெரோமி தலையை ஆட்டினாள்.

"இல்ல சேர். இந்த ஒரு கிழமையா ஒஃபிசில, வெளியில, எல்லா இடத்திலயும் என்ட பேர் அடிபட்டுப்போச்சு. பேர் இல்லாம மன்னிப்புக் கேட்டா அது எப்படித் திரும்பி வரும்? பிழை செய்தது யார் எண்டும் சொல்லணும், செய்யாதது யார் எண்டும் சொல்லணும். அதை வினோதன் சேர்தான் சொல்லணும். கிளின்ரன் வாசிச்சா, வேற யாரோ எழுதிக் குடுத்தது எண்டு நினைப்பாங்க."

இரத்தினசிங்கம் மெற்றில்டாவைப் பார்த்தார், ஏதாவது சமாதானம் சொல்வார் என்று. "அவ சொன்னதில மொழிபெயர்க்க ஒண்டும் இல்லையே ஐயா," என்றார் மெற்றில்டா.

ஆறு மணிக்குக் கிளின்ரன் வணக்கம் சொல்லி ஒதுங்கிக்கொண்டான். வினோதன் கமராவின் முன் உட்கார்ந்தான். "எமது நிறுவனத்தின் கணிப்பில் ஒரு தவறு நேர்ந்தது," என்று தொடங்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரோமி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், நிறுத்தினான், தண்ணீர் குடித்தான்.

"தவறு நேரவில்லை. நான் செய்தேன்," என்றான். "என் பெயர் வினோதன். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் இருக்கிறவர்களை நான் கொழும்பில் சேர்க்கவில்லை. அது தெரிந்த பிறகும் மறைத்தேன். ஷெரோமியும் அவரோடு வேலை செய்த பிள்ளைகளும் கேட்டது சரி, பதிந்தது சரி. அவர்கள் மேல் பழி சொன்னதும் நான்தான்."

பிரதீஸ் மூக்கை உறிஞ்சினார், தடிமன் என்று தானே காரணமும் சொன்னார். வினோதன் வெளியே வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். இரத்தினசிங்கம் ஷெரோமியிடம் வந்து நின்றார்.

"வீட்டை போய் ஆறுதலா இரும் பிள்ளை. திங்கக்கிழமை வாரும். கதைப்பம்."

"திங்கக்கிழமை எப்படிச் சேர்? நாளைக்கு வடக்கு வாக்குப் போடுது," என்றாள் ஷெரோமி. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தொலைபேசி அடித்துவிட்டு, மறுமுனைக்காகக் காத்திருந்தாள். "அங்க அவங்கட தமிழில எந்தச் சொல்லை நாங்க பிழையா விளங்கினோமோ தெரியாது. முழுக்கத் திரும்பப் பார்க்கணும். கொம்பியூட்டரில கேள்வியைத் திறந்து விடுங்க சேர், பிள்ளைகள் வாறாங்க."